ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் எப்படி வேலை செய்யுது, அதுக்கு ஏன் சட்டம் வேணும்?

ஹெல்மெட், சீட் பெல்ட் கட்டாயம்னு எந்த நாட்டுல சட்டம் கொண்டு வந்தாலும் முதல்ல கிளம்புற கேள்வி, "என் தலை, என் உயிர், இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?" இது வீம்புக்குக் கேக்குற கேள்வின்னு நான் நினைக்கல, நியாயமான கேள்விதான், அதனால ஒழுங்கா பதில் சொல்லியாகணும். ஆனா ஆக்சிடென்ட் ஆகுற அந்த ஒரு நொடிக்குள்ள, சொல்லப்போனா நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ள, என்ன நடக்குதுன்னு தெரியாம இதை எந்தப் பக்கம் நின்னு பேசினாலும் அரைகுறையாத்தான் இருக்கும்.

கார் 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போய் சுவத்துல மோதுதுன்னு வச்சுக்குவோம். முன்பக்கம் நசுங்கி சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள வண்டி நின்னுடும், அதுக்கு ஆகுற நேரம் 0.09 செகண்ட்தான், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனா நின்னது வண்டி மட்டும்தான். பெல்ட் போடாம உள்ள உக்காந்திருக்கிறவர் அதே 50-ல முன்னாடி போயிட்டே இருப்பார், அவரை நிறுத்தப் போறது ஸ்டியரிங்கோ டேஷ்போர்டோ கண்ணாடியோ, அதுவும் ஒரு 5 சென்டிமீட்டருக்குள்ள. இங்கதான் விஷயமே இருக்கு. ஒரே வேகத்துல இருந்து நிக்கும்போது, நிக்கிற தூரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு மடங்கு விசை ஏறும். 60 சென்டிமீட்டர்ல நின்னா உடம்பு மேல வர்றது சராசரியா 16 ஜி, அதாவது அவர் எடையைப் போல 16 மடங்கு. 5 சென்டிமீட்டர்ல நின்னா 200 ஜி கிட்ட. முதல்ல சொன்னதை பெரும்பாலும் உடம்பு தாங்கிடும், ரெண்டாவதுல விலா எலும்பு நொறுங்கும், அதோட முடியாது, உடம்பு நின்ன பிறகும் உள்ள மூளையும் இதயமும் ஈரலும் நகர்ந்துட்டு இருக்கும், இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழியறது இப்படித்தான்.

சீட் பெல்ட் செய்யுற வேலை இவ்வளவுதான், உங்களை வண்டியோட சேத்துக் கட்டி, வண்டி நசுங்குற அந்த 60 சென்டிமீட்டரை உங்களுக்கும் வாங்கிக் கொடுக்குது. "நான் கையை ஊனி சமாளிச்சுக்குவேன்"னு சொல்றவங்க இருக்காங்க, 70 கிலோ ஆளுக்கு 16 ஜின்னா 1.1 டன், எந்தக் கையாலயும் முடியாது. குழந்தையை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிறதும் இதே கணக்குதான், 10 கிலோ குழந்தை அந்த நேரத்துல 160 கிலோ ஆயிடும், பிடிச்சிருக்கிறவங்களோட பாசத்துல எந்தக் குறையும் இல்ல, கைக்கு அந்த பலம் கிடையாது.

பெல்ட் எங்க அழுத்துதுங்கிறது ரொம்ப முக்கியம். ஆரம்பத்துல இருந்த பெல்ட் இடுப்பை மட்டும் சுத்தி வரும், மோதும்போது மேல் உடம்பு அப்படியே மடிஞ்சு தலை போய் டேஷ்போர்டுல இடிக்கும், வயிறு நசுங்கும். வால்வோ கம்பெனியில இருந்த நில்ஸ் போலின்ங்கிற இன்ஜினியர் 1959-ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி அவர் விமானத்துல பைலட்டை சீட்டோட வெளிய தூக்கி எறியுற அமைப்புகள்ல வேலை பாத்தவர். தோள்ல இருந்து குறுக்க இறங்குற ஒரு பட்டி, இடுப்பு எலும்பு மேல ஒரு பட்டி, ரெண்டும் இடுப்புப் பக்கம் ஒரே இடத்துல சேரும். இடுப்பு எலும்பு, நெஞ்செலும்பு, தோள் எலும்புன்னு உடம்புல பலமான இடமா பாத்து விசையைப் பிரிச்சுக் கொடுக்குது. வால்வோ அந்த பேட்டன்ட்டை மத்த கம்பெனிங்களும் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டுச்சு, அதுக்கு நன்றி சொல்லாம இந்த விஷயத்தை எழுதவே கூடாது. இதனாலதான் பெல்ட்டை வயித்து மேல ஏத்திப் போடுறதும் அக்குளுக்குக் கீழ விட்டுக்கிறதும் ஆபத்து, அங்க தாங்குறதுக்கு பலமான எலும்பு இல்ல.

நிறுத்தி வச்ச கார்ல உக்காந்து பெல்ட்டை மெதுவா இழுங்க, வரும். வெடுக்குன்னு இழுங்க, பூட்டிக்கும். பட்டி சுத்தியிருக்கிற உருளை சட்டுனு வேகமா சுத்தினா அதுல இருக்கிற கொக்கி வெளிய வந்து பல் சக்கரத்துல மாட்டிக்கும். இது போக சின்னக் கிண்ணத்துல ஒரு உலோக குண்டு உக்காந்திருக்கும், வண்டி திடீர்னு வேகம் குறைஞ்சா குண்டு உருண்டு மேல ஏறி ஒரு நெம்புகோலைத் தள்ளும், அதுவும் பூட்டிடும். இப்போ வர்ற வண்டிகள்ல சின்ன வெடிமருந்து வச்சு மோதின உடனே பெல்ட்டை பின்னாடி இழுத்து இறுக்குற அமைப்பும், விசை அளவுக்கு மீறினா கொஞ்சம் விட்டுக் கொடுக்குற அமைப்பும் சேந்து இருக்கு. ஏர்பேக் இதுக்கு மாற்று கிடையாது, அது ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்துல விரியுது, பெல்ட் இல்லாம முன்னாடி சாஞ்சுட்டு இருக்கிற முகத்துல பட்டா அதுவே காயம் பண்ணும்.

இப்போ "என் உயிர்"ங்கிற வாதத்துக்கு வருவோம். பின் சீட்டுல பெல்ட் போடாம உக்காந்திருக்கிறவரும் அதே 50-ல முன்னாடி வருவார், அவருக்கு முன்னாடி இருக்கிறது முன் சீட்டுல இருக்கிறவரோட முதுகு. டிரைவர் பெல்ட் போட்டு எல்லாம் சரியா செஞ்சிருந்தாலும் பின்னாடி இருந்து ஒரு டன் விசை வந்து சீட்டோட சேத்து நசுக்குது. அதனால பெல்ட் விஷயத்துல "என்னைத் தவிர யாருக்கும் நஷ்டமில்ல"ங்கிறது இயற்பியல்படியே தப்பு.

ஹெல்மெட்ல இந்த பதில் அவ்வளவு நேரடியா வராதுன்னு ஒத்துக்கணும். ஆனா அதைப் பத்தி இருக்கிற பெரிய தவறான எண்ணத்தை முதல்ல சரி பண்ணனும், "80-ல போய் விழுந்தா ஹெல்மெட் என்ன பண்ணும்?" 80-ல போறவர் சாலையில விழுந்து சறுக்கும்போது அந்த 80 சாலைக்கு இணையான திசையில இருக்கு, தரையில இடிக்கிற வேகத்தைப் பெருசா தீர்மானிக்கிறது தலை எவ்வளவு உயரத்துல இருந்து விழுதுங்கிறதுதான். ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து விழுற தலை தரையைத் தொடும்போது வேகம் 20 கிலோமீட்டர் கிட்ட இருக்கும். அதாவது நின்னுட்டிருக்கிற வண்டி சாஞ்சு விழுந்தாலும் இந்த ஆபத்து இருக்கு, ஸ்பீடுல போய் விழுந்தாலும் ஹெல்மெட் காப்பாத்துற வாய்ப்பு நிறையவே இருக்கு. கம்பத்துலயோ எதிர்ல வர்ற வண்டியிலயோ நேரா இடிச்சா கதை வேற.

அந்த 20 கிலோமீட்டர் வேகத்தை மண்டையோடும் தோலும் மட்டும் 3 மில்லிமீட்டர்ல நிறுத்தணும்னா 500 ஜி. 25 மில்லிமீட்டர்ல நிறுத்தினா கணக்குப்படி 60 ஜி, நடைமுறையில இதை விட கூட வரும், ஆனாலும் வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் நடுவுல உள்ளது. அந்த 25 மில்லிமீட்டரைக் கொடுக்கிறது வெளிய இருக்கிற கெட்டி ஓடு இல்ல, உள்ள இருக்கிற தெர்மாகோல். உள் துணியை விலக்கிப் பாத்தா தெரியும். அதுல இருக்கிற காத்து அறைகள் ஒண்ணு ஒண்ணா நொறுங்கி நொறுங்கி வேகத்தைத் தின்னும், ஒருதடவை நொறுங்கினா திரும்ப வராது, அதனாலதான் ஒரு பெரிய அடி வாங்கின ஹெல்மெட் வெளிய நல்லா இருந்தாலும் மாத்தணும். உள்ள வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தா அது லேசா அமுங்கி கடைசியில தட்டிடும், அப்புறம் மண்டைக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல, அதை நான் ஹெல்மெட்னே சொல்ல மாட்டேன். ஸ்ட்ராப்பை மாட்டிட்டு பின்னாடி விளிம்பைப் பிடிச்சு முன்பக்கமா தூக்கிப் பாருங்க, கழண்டு வந்தா விழும்போதும் கழண்டுரும், தலை தரையில படும்போது அது வேற எங்கயோ உருண்டுட்டு இருக்கும்.

"லாரன்ஸ் ஆஃப் அரேபியா"ன்னு பேர் வாங்கின முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் 1935-ல மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து தலையில அடிபட்டு ஆறு நாள் கழிச்சு இறந்தார், ஹெல்மெட் போடல. அவருக்கு வைத்தியம் பாத்தவங்கள்ல ஒருத்தர் நரம்பு அறுவை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ், அவர் அதை விடாம பிடிச்சு மோட்டார் சைக்கிள் ஓட்டுறவங்களோட தலைக்காயங்களை ஆராய்ஞ்சு 1941-ல எழுதினார், பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆளுங்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குச்சு. பொதுமக்களுக்கு அங்க சட்டம் வர 1973 ஆச்சு. இன்னைக்கு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த கணக்கு, ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்குது.

அப்படின்னா சொல்லிப் புரிய வச்சா போதாதா, சட்டம் எதுக்கு? போதாதுன்னு பல நாடுகள்ல பாத்தாச்சு. ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம் 1970-லயே சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்குச்சு. பிரிட்டன்ல வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணியும் முன் சீட்டுல பெல்ட் போட்டவங்க 40 சதவீதம் அளவுலதான் இருந்தாங்க, 1983-ல சட்டம் வந்ததும் 90-ஐ தாண்டிடுச்சு. அமெரிக்கால 1975-ல 47 மாநிலங்கள்ல எல்லாருக்கும் ஹெல்மெட் சட்டம் இருந்துச்சு, அடுத்த வருஷம் மத்திய அரசு கட்டாயத்தைத் தளர்த்தினதும் ஒவ்வொரு மாநிலமா வாபஸ் வாங்குச்சு, வாங்கின இடங்கள்ல போடுறவங்க எண்ணிக்கை இறங்குச்சு, சாவு ஏறுச்சு. மனுஷங்க கெட்டவங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஆபத்து ரொம்பச் சின்னதாத்தான் தெரியும், அது உண்மையும்கூட, அதனால அன்னைக்கு போடாம போறது தப்பாவே தோணாது, மோதுற அந்த 0.09 செகண்ட்ல முடிவை மாத்திக்கவும் முடியாது.

பாதுகாப்பு இருக்குன்னு தைரியத்துல ஜனங்க இன்னும் வேகமா ஓட்டுவாங்கன்னு சாம் பெல்ட்ஸ்மேன்ங்கிற பொருளாதார நிபுணர் 1975-ல வாதாடினார், கேட்டா சரின்னுதான் படும், ஆனா பின்னாடி வந்த பல ஆய்வுகள்ல கிடைச்ச நன்மையை அழிக்கிற அளவுக்கு அப்படி எதுவும் தெரியல.

அதனால சட்டம் வேணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா தலையில ஏதோ ஒண்ணு இருக்கான்னு மட்டும் பாக்குற சட்டம் போதாது. ஸ்ட்ராப் மாட்டலைன்னா போடாததுக்குச் சமம்னு விதியிலயே இருக்கணும், தெர்மாகோல் இல்லாததை ஹெல்மெட்னு செஞ்சு விக்கிறவங்களைத்தான் முதல்ல பிடிக்கணும், வாங்கி ஏமாந்தவங்களை அப்புறம் பாத்துக்கலாம். கார்ல பின் சீட்டும் முதல் நாள்ல இருந்தே சட்டத்துல சேரணும், பிரிட்டன்ல பின் சீட்டுல உக்கார்ற பெரியவங்களுக்கு அது 1991-லதான் வந்துச்சு, முன் சீட்டுக்கு வந்து எட்டு வருஷம் கழிச்சு.