டிப்ளாய்மென்ட்: களமிறக்கலும் களமிறங்கலும்

ஜாவா வலைச் செயலிகளோடு வேலை செய்பவர்கள் ஒரே நாளில் பல முறை கேட்டுக்கொள்ளும் கேள்வி, "டிப்ளாய் ஆகிவிட்டதா?" என்பது. எழுதி முடித்த செயலியைச் சர்வரில் வைத்து ஓடச் செய்வதைத்தான் டிப்ளாய் என்கிறார்கள். ஆகிவிட்டது என்று ஒருவர் பதில் சொல்லும்போது, கோப்பு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறாரா, சர்வர் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டது என்கிறாரா, பயனரின் உலாவிக்குச் செயலி பதில் தரத் தொடங்கிவிட்டது என்கிறாரா என்பது கேட்டவருக்குப் பல நேரம் தெளிவாவதில்லை. மூன்றும் வெவ்வேறு நிலைகள். நான் உட்கார்ந்து சரிசெய்த கோளாறுகளில் பல, இந்த நிலைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் நேர்ந்திருந்தன. ஆகவே இச்சொல்லின் பொருளை ஆராய்ந்து தமிழில் ஒரு சரியான இணையைத் தேடுவது, கோளாறைத் தேடும் வேலைக்கும் நேரடியாக உதவுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

டிப்ளாய் என்னும் ஆங்கிலச் சொல் 18 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியின் 'தெப்ளுவாயே' என்ற வினையிலிருந்து படைத்துறைச் சொல்லாக வந்தது. அதற்கு மூலம் இலத்தீனின் 'டிஸ்ப்ளிகாரே'. அதன் அடியில் இருப்பது 'ப்ளிகாரே', அதாவது மடித்தல். மடித்ததைப் பிரித்து விரிப்பதே சொல்லின் முதற்பொருள். குறுகிய நெடுவரிசையில் நடந்து வந்த படை, போரிடும் இடத்தை அடைந்ததும் அகலமாக விரிந்து நிற்பதைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. காட்டுதல் என்ற பொருளுள்ள 'டிஸ்ப்ளே' இதே வேரின் இன்னொரு கிளை. பணியில் அமர்த்துதல் என்ற பொருளுள்ள 'எம்ப்ளாய்' என்பதும், நாம் செயலி என்று சொல்லும் 'அப்ளிகேஷன்' என்பதும்கூட அந்த மடித்தல் வேரில் பிறந்தவையே.

கணினிக்கு வந்த பின்னும் அந்தப் பழம்பொருள் மறைந்துவிடவில்லை. உலாவியின் வேண்டுகோளுக்குப் பதில் தரும் ஜாவா நிரலைச் சர்வ்லெட் என்பார்கள். சர்வ்லெட் வரையறையின் 2.2 ஆம் பதிப்பு 1999 இல் வந்தபோது, ஒரு வலைச் செயலிக்கு வேண்டிய வகுப்புகள் (கிளாஸ்), நூலகங்கள், பக்கங்கள், அமைப்புக் கோப்புகள் ஆகிய எல்லாவற்றையும் 'வார்' என்ற ஒரே கோப்பில் கட்டித் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்தக் கோப்பை, ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரின் 'வெப்ஆப்ஸ்' கோப்பகத்தில் வைத்தால், சர்வர் அதே பெயரில் ஒரு கோப்பகத்தை உண்டாக்கி, உள்ளிருப்பதை எல்லாம் அதில் விரித்து வைக்கிறது. இலத்தீன் சொல்லின் பொருள் இங்கே கண்முன் நடக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் விரித்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. வகுப்புகளை ஏற்ற வேண்டும். செயலி தொடங்கும்போது முன்வேலை செய்யும் கேட்பான்களையும், வேண்டுகோள்களை இடையில் சோதிக்கும் வடிகட்டிகளையும் தொடங்க வேண்டும். எந்த முகவரிக்கு எந்தச் சர்வ்லெட் பதில் தரும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். படை விரிந்து நின்றால் மட்டும் போதாது, போரிடவும் வேண்டும்.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களைப் பார்ப்போம். 'வரிசைப்படுத்தல்' என்பது இயந்திர மொழிபெயர்ப்புகளில் மிகுதியாகத் தென்படுகிறது. படையை வரிசையாக நிறுத்துதல் என்ற அகராதிப் பொருளிலிருந்து அது வந்திருக்க வேண்டும். ஆனால் கணினியில் வரிசைப்படுத்தல் என்றால் அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்குதல் என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், இந்த இடத்தில் அது வாசகரைத் தவறான திசையில் கொண்டுபோகிறது. 'பணியமர்த்தல்' ஆட்களுக்கு உரியது. 'நிறுவல்' நல்ல சொல். ஆனால் அது டாம்கேட்டையோ ஜாவாவையோ கணினியில் முதன்முதலாக அமைப்பதற்கு வேண்டியிருக்கிறது, அதை இதற்கும் கொடுத்தால் இரண்டும் குழம்பும். 'பதிவேற்றல்' கோப்பு போய்ச் சேருவதை மட்டும் குறிக்கும். 'விரித்தல்' வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது என்றாலும், மேலே சொன்ன இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகிறது.

என் தேர்வு 'களமிறக்கல்'. களம் என்பது போர் நடக்கும் இடத்துக்கும் நெற்கதிர் அடிக்கும் இடத்துக்கும் பொதுவான பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் உழவரின் களவழியையும் தேர்வீரரின் களவழியையும் ஒரே தொடரில் இணைத்துச் சொல்கிறது. இரண்டிலும் பொது, ஆயத்தம் முடிந்து உண்மையான வேலை நடக்கும் இடம் என்பது. விளையாட்டுச் செய்தியிலும் தேர்தல் செய்தியிலும் இன்று நாம் இயல்பாகக் களமிறக்கினார்கள் என்று எழுதுகிறோம். புதிதாகப் பழக வேண்டிய சொல்லாக அது இல்லை. பதிவிறக்கம் என்ற சொல்லோடு குழம்பாதா என்று சிலர் கேட்கலாம். முன்னால் களம் நிற்கும்வரை அந்தக் குழப்பம் நேராது.

இச்சொல்லுக்கு இன்னொரு பெரும் வலிமை உண்டு. தமிழில் இறக்கு, இறங்கு என்று பிறவினையும் தன்வினையும் தனித்தனியே நிற்கின்றன. சர்வர் செய்வது களமிறக்கல். செயலிக்கு நேர்வது களமிறங்கல். ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது, அதனால் வரும் தொல்லையை டாம்கேட் தன் நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்பிலேயே பார்க்கலாம். ஒரு செயலியின் கேட்பான் தொடக்கத்திலேயே பிழைபட்டு நின்றுவிட்டால், முந்தைய பிழைகளால் செயலி தொடங்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. அதற்கு அடுத்தாற்போல், வார் கோப்பின் டிப்ளாய்மென்ட் இத்தனை மில்லி விநாடியில் முடிந்தது என்று இன்னொரு வரியும் வருகிறது. கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எழுந்து போய்விடுவார். சர்வர் களமிறக்கும் வேலையை முடித்துவிட்டது, செயலி களமிறங்கவில்லை என்று தமிழில் சொன்னால் இரண்டு வரியும் உண்மை என்பதும், அவை முரண்படவில்லை என்பதும் புரிந்துவிடுகிறது. இத்தகைய நேரத்தில் உண்மையான காரணம் பெரும்பாலும் 'கேட்டலினா' என்ற சர்வரின் பொது லாக்கில் இருக்காது. அன்றைய தேதியோடு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கும் தனி லாக் கோப்பில் இருக்கும். அங்கே போய், நீண்ட பிழைத்தடத்தின் அடியில் காரணம் என்று தொடங்கும் கடைசிப் பகுதியை முதலில் படிக்க வேண்டும்.

பிழை வரியே வராமலும் செயலி களமிறங்காமல் போவதுண்டு. ஒருமுறை டாம்கேட் 9 இல் நன்றாக ஓடிய செயலியின் வார் கோப்பை அப்படியே டாம்கேட் 10 இல் வைத்தோம். லாக்கில் சிவப்பு எதுவும் இல்லை. முகப்புப் பக்கம் திறந்தது. நுழைவுப் படிவத்தை அனுப்பியதும், கேட்ட பக்கம் இல்லை என்னும் 404 பிழை வந்தது. முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அரை நாள் தேடினோம். காரணம் வேறு இடத்தில் இருந்தது. சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா இஇ தொகுப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டபின், 2020 இல் வந்த ஜகார்த்தா இஇ 9 இல் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பொதிப் (பேக்கேஜ்) பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 புதிய பெயரில் உள்ள குறிப்புகளை (அனோட்டேஷன்) மட்டுமே தேடுவதால், பழைய பெயரில் குறிக்கப்பட்ட எங்கள் சர்வ்லெட்டுகளை அது சர்வ்லெட்டுகளாகவே காணவில்லை. முகப்பு ஒரு நிலையான பக்கம் என்பதால் அது மட்டும் திறந்தது. மூலக்குறியில் பெயர்களை மாற்றி மீண்டும் கட்டியதும் படிவம் வேலை செய்தது. எல்லா 'ஜாவாக்ஸ்' பெயரையும் மாற்றிவிடக் கூடாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: தரவுத்தளத்துக்கான 'ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல்' போன்றவை ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தவை, அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன. மூலக்குறி கையில் இல்லாதவர்கள் வார் கோப்பை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற கோப்பகத்தில் வைத்தால் டாம்கேட் 10 தானே மாற்றிக்கொள்ளும்.

கன்ஃபிகரேஷன் என்ற சொல்லையும் இங்கே தொட்டாக வேண்டும். 'ஃபிகூரா', அதாவது உருவம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அதற்கு, உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் கொடுத்தல் என்று பொருள். தமிழில் 'அமைவடிவம்' என்பது வேருக்கும் பயனுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. களமிறக்கலோடு அது மோதும் இடம் ஒன்று உண்டு. தரவுத்தளக் கடவுச்சொல் மாறிவிட்டது என்று, விரித்து வைக்கப்பட்ட கோப்பகத்துக்குள்ளேயே போய் ஒரு கோப்பைத் திருத்திவிடுகிறார்கள், செயலியும் ஓடுகிறது. அடுத்த வாரம் புதிய வார் வந்ததும் சர்வர் பழைய கோப்பகத்தை நீக்கி, புதியதை விரிக்கிறது, திருத்தம் போய்விடுகிறது. விரித்தது வேறு, மடித்து வந்த மூலம் வேறு என்பதைச் சொல்லே நமக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் அமைவடிவத்தை வார் கோப்புக்கு வெளியே, சூழல் மாறிகளிலோ சர்வரின் 'கான்ஃப்' கோப்பகத்தில் அச்செயலிக்கென உள்ள கோப்பிலோ வைப்பதே முறை.

எதிர்ச்செயலான 'அன்டிப்ளாய்' என்பதற்குக் 'களம்விலக்கல்' என்று சொல்லலாம். விலக்கு, விலகு என்ற அதே இணை இங்கும் கைகொடுக்கிறது. ஒரு செயலியை விலக்கும்போது, அது தொடங்கிய இழை (த்ரெட்) ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், இந்த இழையைச் செயலி நிறுத்தத் தவறிவிட்டது, நினைவகக் கசிவு நேரக்கூடும் என்று டாம்கேட் அந்த இழையின் பெயரைச் சொல்லி எச்சரிக்கிறது. அந்த ஓர் இழை, பழைய செயலியின் வகுப்புகளை ஏற்றிய வகுப்பேற்றியையும், அதன் வழியாக எல்லா வகுப்புகளையும் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். மறுகளமிறக்கம் நான்கைந்து முறை நடந்தபின், வகுப்புகளுக்கான நினைவகப் பகுதியான மெட்டாஸ்பேஸ் நிரம்பிச் சர்வர் திணறும்போது, லாக்கில் தேட வேண்டியது அந்த எச்சரிக்கை வரியைத்தான்: சர்வர் செயலியை விலக்கிவிட்டது, செயலி இன்னும் களத்தைவிட்டு விலகவில்லை.