உருகிய பிறகுதான் ஈயத்திடம் கவனம் வேண்டும்

தூண்டிலுக்கு வீட்டிலேயே ஈயக்குண்டு வார்ப்பவர்கள், ஈயம் உருகும்வரை சட்டியைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. உருகிவிட்டால் அச்சை எடுக்கத் திரும்பிவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவதே அந்த நொடியில்தான்.

சுத்தமான ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். சட்டியின் அடியில் உருகாத துண்டு கிடக்கும்வரை, ஏறும் வெப்பமெல்லாம் அதை உருக்குவதற்கே செலவாகும். வெப்பநிலை 327-ஐ ஒட்டியே நிற்கும். கடைசித் துண்டும் கரைந்தால் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். அதே எடை உருகிய ஈயத்துக்கு 150 ஜூல் போதும்! மின்னடுப்பின் 500 வாட் முழுவதும் ஈயத்துக்குள் இறங்கினால், ஒரு கிலோ ஈயம் 327-இலிருந்து 500 டிகிரியைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. சட்டியும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

வார்ப்பதற்கு 350 முதல் 400 டிகிரி தாராளம். அதற்குமேல் போகப் போக மேலே கசடு வேகமாகப் படியும். 500-ஐ நெருங்கும்போது ஈய ஆவியும் கவலைப்படும் அளவுக்குக் கிளம்பத் தொடங்கும்.

அடுப்பின் திருகு எவ்வளவு சூடு கொடுக்கிறோம் என்பதைத்தான் சொல்லும். ஈயம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதைச் சொல்லாது. சாதாரண தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும், அடுப்பின் கம்பிச்சுருளில் தங்கிய வெப்பம் ஈயத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்; சூடு இலக்கைத் தாண்டிவிடும். இலக்கை நெருங்கும்போதே மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் 'பிஐடி' கட்டுப்பாட்டுக் கருவி இந்தத் தாண்டலை வெகுவாகத் தடுக்கிறது. அதற்குக் கண்ணாக இருப்பது எஃகு உறைக்குள் இருக்கும் கே வகை தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி. அதன் முனை அடியிலோ சுவரிலோ படாமல் ஈயத்துக்குள் நன்றாக முழுகியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இங்கே நம்பவே கூடாது. பளபளக்கும் ஈயம் மிகக் குறைவாகவே கதிர்வீசுவதால், உண்மைச் சூட்டைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டிவிடும்.

மீறிச் சூடேறினால் முதலில் அடுப்பை அணையுங்கள். பிறகு முந்தைய வார்ப்பில் வெட்டி எடுத்த துண்டுகளைப் போடலாம். 100 கிராம் துண்டு உருகுவதற்குள் ஒரு கிலோ ஈயத்தின் சூடு சுமார் 30 முதல் 40 டிகிரி இறங்கும். ஆனால் அந்தத் துண்டு சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடாக்கப்பட்டு, பொட்டு ஈரமும் இல்லாமல் இருக்க வேண்டும். ஈயத்துக்கு அடியில் சிக்கும் ஒரு துளி நீர் சுமார் 1,700 மடங்கு விரிந்து நீராவியாகி, சட்டியிலுள்ள ஈயத்தை முகத்தில் வீசியடிக்கும். அச்சுக்கும் கரண்டிக்கும் இதே விதிதான்.

வெப்பநிலை எவ்வளவு சரியாக இருந்தாலும் கசடுத்தூள் விஷமே. கையிலிருந்து வாய்க்கும், துணியிலிருந்து குழந்தைக்கும் போவது அதுதான். உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆகவே சமையலறையில் வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வராத வெட்டவெளியில், உலோகப் புகையைத் தடுக்கும் முகக்கவசத்தோடு வார்த்தெடுங்கள். பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே வேண்டாம். அவற்றில் அமிலமும் ஆர்செனிக்கும் இருக்கலாம். எல்லாம் முழுவதும் ஆறிய பிறகு, தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, உடுத்திய உடையைத் தனியாகத் துவையுங்கள்.