வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுத்தல்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டைப்பிங் கடை. போன வாரம் அங்கே ஒரு பெரியவர் தன் மனுவை என்னிடம் நீட்டினார். அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி; வரப்புத் தகராறு. வாய்தா 14-ஆம் தேதி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீதிமன்ற டைரியில் அது 4 என்று ஏறிவிட்டது. 4-ஆம் தேதி மூன்று முறை பெயரைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்த உத்தரவை ரத்து செய்யக் கோரும் மனுவில் ‘மேற்படி வழக்கை மறுசீரமைப்பு செய்து’ என்று அடித்திருந்தது.

“எங் கேசு இன்னா ஒடஞ்சா பூட்ச்சு, சீர் பண்றதுக்கு?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. இந்த மறுசீரமைப்பை மனுக்களில் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது.

தள்ளுபடியான வழக்குக்குத் திரும்ப உயிர் கொடுப்பதை ஆங்கிலத்தில் ரெஸ்டோரேஷன் என்பார்கள், ரீஇன்ஸ்டேட் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் வேர் இலத்தீன்; முன்பிருந்த நிலையில் திரும்ப நிறுத்துவது என்பது பொருள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 9 இதற்கு வழி சொல்கிறது. பிரதிவாதி வந்து வாதி வராமல் போனால் விதி 8-இன்படி தள்ளுபடி. தகுந்த காரணம் காட்டினால் விதி 9-இன்படி அது ரத்தாகும். மனுப்போட 30 நாள் கெடு. தப்பு நீதிமன்றத்துடையது என்றால் 151-ஆம் பிரிவின் உள்ளார்ந்த அதிகாரமும் இருக்கிறது. நீதிமன்றத்தின் செயலால் யாருக்கும் கேடு வரக்கூடாது என்பது பழைய நெறி.

இப்போது மறுசீரமைப்புக்கு வருவோம். ஏரியைச் சீரமைக்கிறோம், கடனை மறுசீரமைக்கிறோம், தொகுதி மறுசீரமைப்பு என்கிறோம். எல்லாவற்றிலும் பொருளின் உருவமே மாறுகிறது. கரை உயர்கிறது, தவணை மாறுகிறது, எல்லை நகர்கிறது. பெரியவர் வழக்கில் என்ன மாறியது? அதே பிராது, அதே எண், அன்றைக்குக் கட்டிய அதே நீதிமன்றக் கட்டணம். முக்கியமாக, தாக்கல் செய்த அதே தேதி. எத்தனை காலத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்று சொல்லும் காலவரையறைச் சட்டத்தில் அந்தத் தேதிக்குத்தான் உயிர் இருக்கிறது. எதுவும் மாறாமல் திரும்புவதுதான் இந்த நிவாரணத்தின் பலனே. அதற்குப் போய் ‘சீரமைப்பு’ என்று பெயர் வைத்தால், ஏதோ வழக்கில்தான் கோளாறு இருந்தது போல ஆகிவிடுகிறது. கோளாறு டைரியில். பழி வாதியின் தலையில்.

சிலர் ‘மறுவிசாரணை’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒரு முறைகூட விசாரிக்காத வழக்குக்கு மறுவிசாரணை எங்கிருந்து வரும்?

‘வழக்கு மீட்பு’ எனக்குப் பிடித்த சொல். அடகு வைத்த நகையை மீட்டால் அதே நகைதான் கைக்கு வருகிறது. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அடைமான மீட்பு வழக்கு என்று தனி வகையே இருக்கிறது. ‘மீட்பு மனு’ என்று தலைப்பில் போட்டால் எந்த மீட்பு என்று குழப்பம் வரும். அதனால் மனமில்லாமல்தான் அதை விடுகிறேன்.

நம் நீதிமன்றங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல் ‘கோப்புக்கு எடுத்தல்’. பிராதை ஏற்று எண் கொடுத்தால் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டது என்கிறோம். தள்ளுபடியானது திரும்பினால் ‘மீண்டும் கோப்புக்கு எடுக்கப்பட்டது’. கோப்பு என்ற சொல் பூவையும் மணியையும் கோக்கிறோமே, அந்தக் கோத்தலில் பிறந்தது. ஆங்கில ஃபைலுக்கும் வேர் நூல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான்; அங்கேயும் தாள்களை நூலில் கோத்து வைத்திருக்கிறார்கள். அறுந்து விழுந்த மணியை எடுத்து அதே சரத்தில், அதே இடத்தில் கோப்பதுதான் இங்கே நடப்பது.

இது நாலு சொல்லாக நீள்கிறதே, ஒரே பெயர்ச்சொல் வேண்டாமா என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ‘மறு’வும் ‘அமைப்பு’ம் ஒட்டிய ஒரு சொல்லை நிறுத்தியே ஆகவேண்டும் என்ற இந்தப் பிடிவாதம்தான் நம் சட்டத் தமிழைப் படிக்க முடியாமல் செய்கிறது. தமிழ் வினைச்சொல்லால் பேசும் மொழி. எடு, சேர், நிறுத்து என்றால் வழக்காளிக்குப் புரிகிறது. வாய்தாவும், வழக்கைக் குறிக்கும் தாவாவும் அரபு வேர்ச்சொற்கள். ஆற்காடு நவாபு காலத்திலிருந்தே இந்த மண்ணில் புழங்கிய பேச்சு. குடியாத்தத்தில் எந்தப் பாட்டியிடமும் வாய்தா என்றால் விளங்கும். அவை தமிழைக் கெடுக்கவில்லை. தமிழ்ச் சொற்களால் மட்டும் ஆன மறுசீரமைப்புதான் கெடுக்கிறது.

கடைக்காரர் அந்த வரியை அழித்து, நான் சொல்லச் சொல்ல அடித்தார்: ‘தள்ளுபடி உத்தரவை ரத்து செய்து, மேற்படி அசல் வழக்கை அதன் பழைய எண்ணிலேயே மீண்டும் கோப்புக்கு எடுக்க வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.’ பெரியவர் அதை வாய்விட்டு ஒரு முறை படித்தார். ‘பழைய எண்ணிலேயே’ என்ற இடத்தில் விரலை வைத்து, “ஆங், இதான்” என்றார்.