94-இல் நின்றுபோகும் இணையம்

200 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்து வேகச் சோதனை செய்தால் 93, 94, 94, 93 என்றே வருகிறது. காலையிலும் அதுதான், நள்ளிரவிலும் அதுதான். இணைய நிறுவனத்துக்குப் போன் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். ஆணி அடித்தாற்போல் 94-இல் நின்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட் போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது பழைய ரவுட்டரின் பின்புறத்தில்தான் இருக்கும்.

100 மெகாபிட் போர்ட்டில் 94 வருவானேன்? ஈதர்நெட் கேபிளில் தகவல் துண்டு துண்டாகப் போகிறது. முழு அளவுத் துண்டு ஒன்றுக்குக் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். முகவரிகள், பிழை சரிபார்ப்பு, துண்டுகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி எல்லாம் போக நம் வீடியோவுக்கு மிஞ்சுவது 1,450 பைட் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 94 சதவீதம்.

கேபிளாலும் இதே எண் வரலாம். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1,000 மெகாபிட்டுக்கு, எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்றை எலி கடித்திருந்தாலும் இரு முனைகளும் பேசிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். ஆகவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் பாருங்கள். பல பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100. தவறான ஓட்டையில் செருகினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரவுட்டரும் தோற்கும்.

கேபிளில் முழு வேகம் வந்து, போனில் மட்டும் வரவில்லையென்றால் குற்றவாளி வைஃபை. பழைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டை ஒன்றை மட்டுமே அறிந்தவை. அந்தப் பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பட்டையைப் பிரித்த பாதைகளான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடி வீட்டில் போனின் வைஃபை பட்டியலைத் திறந்தால் வரிசையாக வரும் பெயர்களில் பல இந்த மூன்றுக்குள்தான் அடைந்து கிடக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இரைகின்றன.

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தால், பின்னால் சரியான பணத்தோடு நிற்பவரும் தாமதமாவார் இல்லையா? அதுபோலத் தூரத்து அறையில் மெதுவாகப் பேசும் ஒரு பழைய போன், வேகமான லேப்டாப்பின் நேரத்தையும் தின்றுவிடுகிறது.

புதிய ரவுட்டர் தரும் பெரிய நன்மை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. 2018 அக்டோபரில் இந்திய அரசு இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. பழைய பட்டையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். வைஃபைக்குப் பின்னால் வரும் 4, 5, 6 எல்லாம் அதன் தலைமுறை எண்கள். 2.4-இல் நெரிசலின்போது இரண்டு ஆன்டெனா வைஃபை 4 ரவுட்டரின் இணைப்பு வேகம் 144 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், கையில் தேறுவது அதில் பாதிதான். அதே இரண்டு ஆன்டெனாவோடு வைஃபை 5, 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் 867 வரை போகும். வைஃபை 6 இன்னும் கொஞ்சம் மேலே போகும். கூடவே, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சேனலைப் பங்கிட்டுக் கொடுக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் போனும் வைஃபை 6 அறிந்ததாக இருந்தால்தான் அந்தப் பலன்.

வாங்கும் முன் ஒரு நிமிடம். பழைய ரவுட்டரின் அமைப்பில் பாதுகாப்பு முறை டிகேஐபி என்று இருக்கிறதா பாருங்கள். வைஃபை 4 விதிப்படி அந்த முறையில் இணைப்பு 54 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஏஇஎஸ் என்று மாற்றினாலே வேகம் எழும்பும், காசு செலவில்லை.

கடைக்குப் போனால் பெட்டியில் '1200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்துப் போடும் விளம்பரக் கணக்கு அது. சாதாரணமாகப் போன்கள் அந்த இரண்டையும் கூட்டி அனுபவிப்பதில்லை. அதைவிட மோசம், அந்த 1200-களில் சிலவற்றில் போர்ட் இன்னும் 100 மெகாபிட்தான். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'கிகாபிட் போர்ட்' என்று இருந்தால்தான் வாங்க வேண்டும், என்னைக் கேட்டால்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைக் கண்டால் ஆகாது. கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகும். ஃபைபர் நுழைகிற இடம் என்பதற்காக வாசல் மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்தால் 2.4-ஏ மேல் என்றாகிவிடும். நீளமான கேபிள் ஒன்று வாங்கி, ரவுட்டரை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். ஃபைபர் பெட்டியில் இருக்கும் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பழகிய பழைய பெயரையே பிடித்துத் தொங்கும்.