அருஞ்சொற்கள் நினைவில் தங்கும் விதம்

வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பலர், ஆங்கில அருஞ்சொற் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். நான்கைந்து முறை வாசித்ததும் எல்லாச் சொற்களும் தெரிந்தவை போலத் தோன்றும். பொருளை மறைத்துக்கொண்டு கேட்டாலோ பலவற்றுக்கு விடை வராது. கண்ணுக்குப் பழகிய சொல்லை அடையாளம் காண்பது வேறு, அதன் பொருளைத் துணையின்றி நினைவிலிருந்து வரவழைப்பது வேறு. தேர்வுக்கும் பேச்சுக்கும் வேண்டியது இரண்டாவது திறன்தான்.

புதிய சொல்லையும் அதன் பொருளையும் இணைக்கும் முதற்பதிவை மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸ் விரைவாக உருவாக்குகிறது. அது எளிதில் மங்கக்கூடிய பதிவு. உறக்கத்தின்போது அப்பதிவு மீண்டும் தூண்டப்பட்டு, நாம் முன்பே அறிந்த சொற்களின் தடங்கள் பரவியிருக்கும் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியோடு சிறிது சிறிதாகப் பிணைகிறது. எனவே, கண்விழித்து ஒரே இரவில் நூறு சொற்களைப் படிப்பவர், அவை நிலைபெறுவதற்கு வேண்டிய நேரத்தையே இழந்துவிடுகிறார்.

மறதியை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, 1885இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே பயன் தரும் என்பதையும் அவர் கண்டார்.

அந்த இடைவெளிக்குப்பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, 2008இல் அமெரிக்க உளவியலாளர்களான ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தருகிறது. கல்லூரி மாணவர்கள் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். கற்ற பின்னும் தொடர்ந்து தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டு வாசிப்பை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட நினைவில் இல்லை. முயன்று நினைவுகூரும் செயலே அந்தத் தடத்தை வலுவாக்குகிறது.

நம் பள்ளிகளில் புத்தகத்தை மூடிவிட்டுக் குறளை ஒப்பிக்கும் வழக்கத்தில் இந்த உண்மை பொதிந்திருக்கிறது. ஒப்பித்தலை வெறும் கிளிப்பாடம் என்று முற்றாகத் தள்ளுவது சரியன்று என்பது என் கருத்து. பொருளைப் புரிந்துகொண்டு ஒப்பித்தால் அது சிறந்த பயிற்சியே.

சொற்களைக் கூறுகளாகப் பிரித்தறிவதும் துணை செய்யும். ‘பெனவலன்ட்’ (benevolent) என்பதில் நன்மையையும் ‘மலெவலன்ட்’ (malevolent) என்பதில் தீமையையும் குறிக்கும் லத்தீன் முன்னொட்டுகள் உள்ளன. பின்பகுதி விரும்புதலைக் குறிக்கும். ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்று பாதி தெரிந்ததாகிவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் வரும் மாணவர், சொல்லை ஒரு பக்கமும் பொருளை மறுபக்கமும் எழுதிய அட்டைகளை வைத்துக்கொண்டு, மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் தம்மைச் சோதிக்கலாம். விடை தவறினால் உடனே அட்டையைத் திருப்பிச் சரிபார்த்து, அச்சொல்லை மறுநாள் பார்க்க வேண்டியவற்றோடு சேர்த்துவிட வேண்டும்.