மினியின் டிக்கியில் ஒரு டன் தங்கம்

‘தி இட்டாலியன் ஜாப்’ (1969) படத்தின் துரத்தல் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இத்தாலியின் டூரின் நகரில், கொள்ளையடித்த தங்கத்தை ஏற்றிக்கொண்டு, கிரான் மாத்ரே தேவாலயத்தின் படிக்கட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று மினி கூப்பர் கார்கள் தடதடவென்று இறங்குகின்றன. சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் பின் டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். வண்டி பின்பக்கம் தாழவே இல்லை. படத்தின் ஆகப் பெரிய பிழை அதுதான்.

கதைப்படி கொள்ளை போவது 40 லட்சம் டாலர் தங்கம். அன்றைய அதிகாரபூர்வ விலை அவுன்சுக்கு 35 டாலர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3,550 கிலோ வருகிறது. மூன்றாகப் பிரித்தால் வண்டிக்கு 1,180 கிலோ. மினியின் சொந்த எடையே சுமார் 650 கிலோதான்! இடம் ஒரு சிக்கலே இல்லை. ஒரு வண்டியின் பங்குத் தங்கம் 61 லிட்டர் கொள்ளளவுக்குள் அடங்கிவிடும், டிக்கியில் பாதிகூட நிறையாது. கண்ணை ஏமாற்றுவது அதுதான்.

உண்மையில் ஏற்றினால் என்ன ஆகும்? சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கி, டயர் வளைவில் உரசும். மினி முன்சக்கர இழுவை வண்டி. பின் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால் தள்ளி அந்தச் சுமை உட்கார்ந்தால், முன் சக்கரங்கள் மேல் இருக்கும் பாரத்தில் 170 கிலோ போலக் குறையும். இழுப்பதும் திரும்புவதும் அந்தச் சக்கரங்கள்தான். இரண்டும் பிடி இழக்கும். ஆட்களையும் சேர்த்தால் மொத்த எடை மூன்று மடங்கு. அதே வேகத்தில் நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் மூன்று மடங்கு. கூரைவிட்டுக் கூரை தாவுவதை விடுங்கள், அந்தப் படிக்கட்டையே தாண்டியிருக்காது.

சினிமாவில் டிக்கி காலி. நம் வண்டியில் அப்படி இல்லை. காரின் காலி எடை 900 கிலோ, ஓனர் மேனுவலில் போட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடை 1,340 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 440. அதில் ஐந்து பேர் ஏறினால் 350 போய்விடும். டிக்கிக்கு மிஞ்சுவது 90 கிலோ. தரை டைல்ஸ் பெட்டி ஒன்று 30 கிலோ வரை வரும். நான்கு பெட்டி வைத்தாலே எல்லை தாண்டிவிட்டது, டிக்கியோ முக்கால்வாசி காலியாகத் தெரியும். ‘இடம் இருக்கே’ என்று இன்னும் இரண்டு பெட்டியை உள்ளே தள்ளுவார்கள்.

இப்படி ஓடும் வண்டியின் பின் டயரில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிற்கும். சுமைக்கேற்ற காற்று இல்லாததால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், நெடுஞ்சாலையில் வெடிப்பது அந்தச் சூட்டில்தான். ஷாக் அப்சார்பரில், சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நொறுங்கிக் கிடக்கும். இரவில் எதிரே வருபவர் ஓயாமல் லைட் அடித்தால், உங்கள் ஹெட்லைட் வானம் பார்க்கிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் தாங்குவது 475 கிலோ, 91 என்றால் 615. கனமான பொருளைப் பின் சீட்டின் முதுகை ஒட்டித் தாழ்வாக வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனிக் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டை இறக்கும் திருகு இருந்தால் அதையும் திருப்புங்கள்.

மற்றப் பிழைகள் எல்லாம் ரசிக்கத் தக்கவை. டூரினின் பாதாளச் சாக்கடை என்று காட்டுவது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் எடுத்தது. மலையிலிருந்து உருளும் ஆஸ்டன் மார்ட்டின், உண்மையில் வேஷம் போட்ட லான்சியா. ஆரம்பத்தில் பள்ளத்தில் தள்ளப்படும் லம்போர்கினி மியூராவில் எஞ்சினே கிடையாது. ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வண்டி. கூட்டத் தலைவனாக வரும் மைக்கேல் கெய்னிடம் அப்போது ஓட்டுநர் உரிமம் இல்லை. ஆக, அந்த ஓட்டமெல்லாம் கார் சாகசக் கலைஞர் ரெமி ஜூலியன் குழுவின் கைவண்ணம்.

முடிவுக் காட்சியில் மட்டும் எடைக் கணக்கு கச்சிதம். ஆல்ப்ஸ் மலைச்சாலையில், தங்கத்தை மாற்றி ஏற்றிய பேருந்தின் பின்பாதி அந்தரத்தில் தொங்க, தங்கம் வால்பக்கம் சரிய, படம் அப்படியே முடிந்துவிடும். தங்கத்தோடு தப்பிப்பது எப்படி என்று விடை கேட்டு 2008-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஒரு போட்டி வைத்தது. ஹெலிகாப்டர் கூடாது என்பது நிபந்தனை. வென்ற விடையில் தங்கத்தை யாரும் முதலில் தொடுவதில்லை. தொங்கும் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை வெளியே விழும்படி உடைத்து எடை குறைக்கிறார்கள். ஆட்டம் குறைய முன் டயர்களின் காற்றைப் பிடுங்குகிறார்கள். பின்பக்க டேங்கின் எரிபொருளைக் கீழே வடிக்கிறார்கள். அதன் பிறகுதான் ஒருவர் இறங்கி, முன்பக்கம் கற்களை ஏற்றத் தொடங்குகிறார்.