பிஎச்.டி சேரும் முன் விசாரியுங்கள்: உடற்கூறியலும் செல் உயிரியலும் படிக்க நினைப்பவர்களுக்கு

எம்.எஸ்சி ரிசல்ட் வந்த கையோடு பிள்ளைகள் துறைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். "மேடம், பிஎச்.டி பண்ணலாம்னு இருக்கேன், அனாட்டமில சீட் இருக்குமா?" என்பார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ வந்திருப்பார். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பாடம் நடத்துகிறேன், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். சீட் இருக்கிறதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. கேட்டால் வழிகாட்டி என்ன நினைப்பாரோ என்று பயந்து பெரும்பாலானவர்கள் வாயே திறப்பதில்லை. அந்தத் தயக்கம் நல்ல பிள்ளைகளின் மூன்று நான்கு வருடங்களை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் முதுகலைப் பட்டம் என்ன என்று பாருங்கள். விலங்கியல், பயோடெக்னாலஜி, உயிர்வேதியியல் என்று எதைப் படித்திருந்தாலும் பல பல்கலைக்கழகங்களில் உடற்கூறியல் துறையில் ஆய்வுக்குப் பதிவு செய்ய முடியும். செல் சார்ந்த தலைப்பு கிடைக்கும், பட்டத்தில் அனாட்டமி என்று வரும். "அப்புறம் மெடிக்கல் காலேஜ்ல வாத்தியார் வேலை கிடைச்சிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். மருத்துவர் அல்லாதவரை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராக எடுக்க வேண்டுமென்றால், எம்.எஸ்சியும் மருத்துவ உடற்கூறியலில் இருக்க வேண்டும், பிஎச்.டியும் அதே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அந்த எம்.எஸ்சி மருத்துவக் கல்லூரி அல்லது மருத்துவ அடிப்படை அறிவியல் துறைகளில் நடத்தப்படுவது. சென்னையில் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் அதைப் படிக்கலாம். விலங்கியல் எம்.எஸ்சியோடு வந்து அனாட்டமியில் பிஎச்.டி வாங்கினால் அந்தக் கதவு திறக்காது. இது தெரியாமல் பட்டம் வாங்கி, நேர்முகத் தேர்வில் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்த பிறகு அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரியான எம்.எஸ்சி இருந்தாலும் இடம் அளவானதுதான். மருத்துவர் அல்லாதவர்களுக்கு ஒரு துறையில் எவ்வளவு பங்கு என்பதற்கு வரம்பு உண்டு. 30 சதவீதமாக இருந்தது 2020க்குப் பிறகு 15 ஆகக் குறைந்தது. 2025 இல் ஆசிரியர் தகுதி விதிகளை மறுபடியும் திருத்தினார்கள். ஆகவே சீனியர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்று நம்ப வேண்டாம். சேரும் அன்றைக்கு ஆணையத்தின் இணையதளத்தில் என்ன விதி இருக்கிறதோ அதை இறக்கி, நீங்களே படியுங்கள்.

செல் உயிரியலில்தான் உண்மையான ஆர்வம் என்றால் கணக்கு வேறு. மருந்து நிறுவனங்களோ ஆராய்ச்சி நிலையங்களோ வெளிநாட்டு ஆய்வகங்களோ, துறையின் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கையில் என்னென்ன நுட்பம் இருக்கிறது, என்ன கட்டுரை வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். உடற்கூறியல் என்றால் பிணத்தை அறுப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நரம்புத் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வரைந்த கோல்கிக்கும் கஹாலுக்கும் 1906 இல் நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும், செல்லின் பகுதிகளைச் சுழற்றிப் பிரித்தெடுக்கும் முறையாலும் செல்லுக்குள் புகுந்து பார்த்த கிளாட், டி டுவே, பலாடே மூவருக்கும் 1974 இல் கிடைத்தது. உறுப்பிலிருந்து திசு, திசுவிலிருந்து செல் என்று இந்தப் பாடம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நம் ஊரிலேயே ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை ஆயிரக்கணக்கான மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. உடற்கூறியல் உயிரோடு இருக்கும் துறை. அதனால்தான் இதற்குள் தப்பான வாசல் வழியாக யாரும் வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வழிகாட்டி. தலைப்பை விட வழிகாட்டி முக்கியம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சோத்கங்கா' என்று ஒரு தளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அதில் ஏற்றி வைக்கிறார்கள். நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் இதுவரை யார் யார் முடித்தார்கள், எந்த ஆண்டு என்பது தெரியும். முன்னுரையையும் நன்றியுரையையும் படியுங்கள், எந்த ஆய்வகத்தில் வேலை நடந்தது, யார் உதவினார்கள் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இரண்டு ஆய்வேடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தால் நிதானியுங்கள்.

பிறகு அங்கே மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஆய்வு மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தியுங்கள். ஆய்வகத்துக்குள் வேண்டாம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பேசுங்கள். "கட்டுரையில முதல் பேரு யாருக்குப் போகும்? பாதில விட்டுட்டுப் போனவங்க இருக்காங்களா? எதுக்காகப் போனாங்க?" இந்த மூன்றையும் கேட்டாலே போதும், அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்கவும் கூடாது. பெரிய பெயர் என்று போய்ச் சேர்ந்து, நடுவழியில் அவர் ஓய்வு பெற்றுவிட, வேறு வழிகாட்டியைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. எப்போது ஓய்வு பெறுகிறார் என்று அலுவலகத்தில் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் உதவித்தொகை கொடுக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சொந்த உதவித்தொகையோடு வருபவர் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாதவரை வழிகாட்டி தேர்ந்தெடுப்பார். வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்து படித்தாலும் நஷ்டமில்லை.

உதவித்தொகை கிடைத்தாலும் மாதாமாதம் ஒன்றாம் தேதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சமயம் மாதக்கணக்கில் நின்று, பிறகு மொத்தமாக வரும். தரமணி, வேளச்சேரிப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளால் வாடகை ஏறிக் கிடக்கிறது. சில மாத வாடகையும் மெஸ் காசும் கையிருப்பில் இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: ரசாயனத்துக்கும், திசுவில் குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண உதவும் ஆன்டிபாடிக்கும் யார் காசு கொடுப்பார்கள்? ஒரு சின்னக் குப்பி ஆன்டிபாடி பல்லாயிரம் ரூபாய். ஆய்வுத் திட்ட நிதி எதுவும் இல்லாத இடத்தில் அந்தச் செலவு மாணவர் தலையில் விழுகிறது. அம்மாவின் நகையை அடகு வைத்து ஆன்டிபாடி வாங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எந்த ஆய்வும் அதைக் கேட்கும் நிலை வரக்கூடாது.

இனி வேலை எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். திசுவைப் பதப்படுத்தி, ஆல்கஹாலில் படிப்படியாக நீரை எடுத்து, சைலினில் தெளியவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் ஐந்து மைக்ரான் கனத்தில் வெட்ட வேண்டும். படிக்க எளிது. மே மாதம் ஏசி நின்றுபோன அறையில் வெட்டிப் பாருங்கள். மெழுகு இளகி, வெட்டு சுருங்கி, நாடா போல் வர வேண்டியது கசங்கி நிற்கும். பிளாக்கை, அதாவது திசு பதித்த மெழுகுக் கட்டியை, ஐஸ் மேல் வைத்துக் குளிரவைத்து, நாலு வெட்டு வெட்டி, மறுபடியும் ஐஸ் மேல் வைக்க வேண்டும். சாயமேற்றும்போது ஹெமடாக்சிலின் என்ற சாயம் நீலமாக மாற ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவுவார்கள், அந்தத் தண்ணீரில் லேசான காரத்தன்மை இருந்தால்தான் நிறம் வரும். எந்தக் குழாயில் மெட்ரோ வாட்டர், எதில் போர் தண்ணீர், எதில் ஆர்.ஓ. என்று தெரியாதவருக்கு ஒரே பிளாக்கிலிருந்து எடுத்த ஸ்லைடுகள் நாளுக்கு ஒரு நிறமாக வரும். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. துறையில் இருபது வருடம் இருக்கும் டெக்னீஷியன் அண்ணன்தான் சொல்லித் தருவார். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

செல் வளர்ப்பு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை பெரிய சோதனை. ஈரம் ஏற ஏற இன்குபேட்டரில் பூஞ்சை வரும், ஒரு தட்டில் வந்தால் அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வருடக்கணக்கில் சேர்த்த மாதிரிகளை வைத்திருப்பவருக்கு அது என்ன வேதனை என்று யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டர் எந்தத் தளம் வரை வருகிறது, திரவ நைட்ரஜன் நிரப்புவது யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். செல்களைப் பக்கத்து ஆய்வகத்தில் ஓசி வாங்க வேண்டாம். புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்தில் இருக்கும் செல் களஞ்சியம் போன்ற முறையான இடத்திலிருந்து வாங்கி, செல்களில் தெரியாமல் தொற்றிக்கொள்ளும் மைகோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று பிறகு தெரிந்த செல் வரிசைகள் உலகம் முழுக்க நிறைய. அப்படி ஒன்றில் வேலை செய்தால் மொத்த ஆய்வும் வீண்.

உடலையும் திசுவையும் பதப்படுத்தும் ஃபார்மலின் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். அதில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண் எரிந்தால் "பழகிடும்மா" என்பார்கள். பழகக் கூடாது. புகை உறிஞ்சும் மேடை வேலை செய்கிறதா, எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ வழிகாட்டியிடம் சொல்லி வேலையை மாற்றி வாங்குங்கள். உங்கள் உரிமை அது.

மனிதத் திசு என்றால் நிறுவன நெறிமுறைக் குழு, விலங்கு என்றால் விலங்கு நெறிமுறைக் குழு. அனுமதி வர மாதங்கள் ஆகும். அனுமதி வருமுன் எடுத்த ஒரு மாதிரியைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. உடல் தானம் செய்தவர்களின் குடும்பத்தினர் துறைக்கு வந்து கையெழுத்துப் போடும்போது ஆய்வு மாணவர்கள் ஒரு தடவையாவது கூட இருக்க வேண்டும் என்று விரும்புவேன். அதன் பிறகு அவர்கள் அந்த உடலின் படத்தை மொபைலில் எடுக்க மாட்டார்கள்.

எழுத்து வேலைக்கு வந்தால், "தீசிஸ் எழுதித் தரப்படும்" என்ற விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. அந்தப் பக்கமே போக வேண்டாம். மானியக் குழுவின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் திருத்தி மறுபடியும் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஒரு வருடம் தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 இல் எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிய மானியக் குழுவின் 'கேர்' பட்டியலும் 2025 இல் கைவிடப்பட்டது. இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது உங்கள் மேல்தான். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று மெயில் வந்தால் அது இதழே இல்லை.

"மூணு வருஷத்துல முடிஞ்சிடும்ல மேடம்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். குறைந்தபட்சம் மூன்று, அதிகபட்சம் ஆறு, மறுபதிவு மூலம் இன்னும் இரண்டு என்பது விதி. செல் உயிரியலில் ஐந்து என்று வைத்துக்கொள்வது நியாயம். பெண்களுக்குக் கூடுதல் அவகாசமும், பேறுகாலம், குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணம் ஆகப்போகிறது என்பதற்காக இடம் மறுத்தால் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் கன்சல்டன்சியில் காசு கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் செல் உயிரியலும் உடற்கூறியலும் ஒரே துறையாக இருக்கும் மருத்துவப் பள்ளிகள் பல. பிஎச்.டிக்கு எடுத்தால் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருவார்கள், பதிலுக்கு உடல் அறுவைக் கூடத்தில் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கலாம். முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல இடங்களில் உண்டு. சேர்க்கைக் கடிதம் வந்ததும் எத்தனை வருடத்துக்குச் சம்பளம் உறுதி, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவார்கள், வழிகாட்டி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் உங்கள் நிலை என்ன, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துறைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு விசாவுக்கு நாள் வாங்குங்கள்.